ஓட்டோ யெஸ்பர்சனின் வாழ்வும் ஆங்கில வலியுறுத்தத் துணைவினை ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

டென்மார்க்கு நாட்டு மொழியியலறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் (1860–1943) ஆங்கில இலக்கண ஆய்வில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஈடுபட்டவர். ஆங்கிலம் தன் பழைய விகுதிகளை இழந்து துணைவினைகளைச் சார்ந்தது மொழிச் சிதைவு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் கருதினர். அக்கருத்தை மறுப்பதே அவருடைய வாழ்நாட் பணியின் அடித்தளமாக அமைந்தது. இக்கட்டுரை அவருடைய வாழ்க்கையைக் கால வரிசையில் எடுத்துரைத்து, வலியுறுத்தப் பொருளில் வரும் 'டூ' என்னும் துணைவினை குறித்த விளக்கம் அவருடைய கொள்கையில் பெறும் இடத்தை ஆராய்கிறது. தமிழில் 'செய்' என்னும் வினை இதற்கு இணையான பணியைச் செய்வதைச் சுட்டி, அக்கொள்கையின் எப்பகுதி நிலைபெறுகிறது, எப்பகுதி திருத்தம் வேண்டுகிறது என்பதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: யெஸ்பர்சன், துணைவினை, வலியுறுத்தம், உடன்பாடு, எதிர்மறை, மொழி வளர்ச்சிக் கொள்கை, 'செய்' துணைவினை.

1. முன்னுரை

'அவன் வந்தான்' என்னும் பொருளை ஆங்கிலம் இரு வகையாகக் கூறும். 'ஹி கேம்' என்பது இயல்பான கூற்று. 'ஹி டிட் கம்' என்பதோ, அவன் வரவில்லை என்று ஒருவர் எண்ணியோ சொல்லியோ இருக்கும் இடத்தில் வந்தது உண்மையே என நிறுவும் கூற்று. இரண்டாவதில் 'டிட்' என்னும் சொல் ஒலியழுத்தம் பெறும். அச்சொல்லுக்குச் செய்தல் என்னும் அகராதிப் பொருள் அங்கு இல்லை. காலத்தையும் உடன்பாட்டையும் தாங்குவதே அதன் பணி.

பொருளற்றதாகத் தோன்றும் இச்சிறு சொல்லை இலக்கண நூலார் நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கினர். 'கேம்' என ஒரே சொல்லில் முடியும் வினையை 'டிட் கம்' என இரண்டாக்குவது வீண் என்னும் எண்ணம் நிலவியது. இலத்தீனம், கிரேக்கம் போன்ற விகுதிவளம் மிக்க மொழிகளையே நிறைவுடைய மொழிகளாகக் கொண்ட காலத்தில், துணைவினைகள் மிகுந்த மொழி வறியதாகவே காட்சியளித்தது. இம்மதிப்பீட்டை மாற்றியவர்களுள் முதன்மையானவர் யெஸ்பர்சன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் இதனைச் செய்தார் என்பது கருதத்தக்கது.

2. இளமையும் கல்வியும்

யெஸ்பர்சன் 1860 சூலை 16ஆம் நாள் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியிலுள்ள ரண்டர்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் தலைமுறைதோறும் சட்டத்துறையில் பணியாற்றிய குடும்பம்; தந்தையும் நீதித்துறை அலுவலரே. யெஸ்பர்சன் சிறுவராக இருந்தபோதே தந்தை இறந்தார். சில ஆண்டுகளில் தாயும் மறைந்தார். இவ்விழப்புகளுக்கிடையே அவருக்குப் பற்றுக்கோடாக அமைந்தது மொழிகளின் மீதான விருப்பம்.

டென்மார்க்கின் புகழ்பெற்ற ஒப்பிலக்கண அறிஞர் ராஸ்மஸ் ராஸ்கின் வாழ்க்கை வரலாறு அவ்விளமையில் அவரைக் கவர்ந்தது. ராஸ்கு எழுதிய இலக்கண நூல்களைக் கொண்டு ஐசுலாந்து மொழி, இத்தாலியம், எசுப்பானியம் ஆகியவற்றைத் தாமே கற்கத் தொடங்கினார். ஆசிரியர் துணையின்றி நூல்வழி மொழி கற்றதனால், இலக்கண நூல் ஒன்று கற்பவனுக்கு எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை உணரும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் மொழி கற்பித்தல் குறித்து அவர் எழுதிய நூலில் இவ்வனுபவத்தின் சாயலைக் காணலாம்.

1877இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த யெஸ்பர்சன், குடும்ப மரபையொட்டிச் சட்டம் பயின்றார். நான்கு ஆண்டுகள் சென்றபின் சட்டப் படிப்பைத் துறந்து மொழிகளைப் பயிலலானார். சட்ட நூல்களை மனப்பாடம் செய்து பிறர் கருத்துகளை ஒப்பிக்க வேண்டியிருந்தமை அவருக்கு உவப்பளிக்கவில்லை. வாழ்க்கைச் செலவுக்காகப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்ததுடன், டென்மார்க்கு நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தராகவும் பணியாற்றினார். சுருக்கெழுத்தர் பேச்சை எழுத்துவடிவின் வழியாகப் பார்ப்பதில்லை. செவியில் விழும் ஒலியையே பின்தொடர்கிறார். எழுத்தினும் பேச்சே மொழியின் முதன்மை வடிவம் என யெஸ்பர்சன் பின்னாளில் வற்புறுத்திய கொள்கைக்கு இத்தொழில் முரணானதன்று.

3. சீர்திருத்த இயக்கமும் பயணமும்

அக்காலப் பள்ளிகளில் அயல்மொழி, இலக்கண விதிகளாகவும் தொடர்பற்ற மொழிபெயர்ப்பு வாக்கியங்களாகவுமே கற்பிக்கப்பட்டது. இதனை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தில் யெஸ்பர்சன் இளமையிலேயே இணைந்தார். செருமானிய இளைஞர் பெலிக்ஸ் பிராங்கே மொழி கற்றலின் நடைமுறை குறித்து 1884இல் வெளியிட்ட சிறுநூலை டேனிய மொழியில் பெயர்த்தார். இருவரும் தொடர்ந்து மடல் எழுதிக்கொண்டனர். நேரில் சந்திக்கும் வாய்ப்பு நேரவில்லை. பிராங்கே 1886இல் இளவயதிலேயே இறந்தார். தம் சிந்தனையை உருவாக்கியவர்களுள் பிராங்கேயை யெஸ்பர்சன் இறுதிவரை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1885இல் டேனிய மாணவர்களுக்கென ஆங்கில இலக்கணச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டார். பேச்சுமொழியையும் எழுத்துமொழியையும் ஒருங்கே கருத்திற்கொண்டமை அந்நூலின் சிறப்பு. 1887இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அப்பட்டத்தில் அவருடைய முதன்மைப் பாடம் பிரெஞ்சு. ஆங்கிலமும் இலத்தீனமும் துணைப்பாடங்களே.

பட்டம் பெற்ற பின் இங்கிலாந்து, செருமனி, பிரான்சு ஆகிய நாடுகளுக்குச் சென்றார். இங்கிலாந்தில் ஒலியியலறிஞர் ஹென்றி ஸ்வீட்டையும் பிரான்சில் பால் பாசியையும் சந்தித்தார். கோப்பன்ஹேகனில் அவருக்கு ஆசானாக விளங்கிய வில்ஹெல்ம் தாம்சன், ஆங்கிலத் துறையில் பேராசிரியர் பணியிடம் விரைவில் ஒழிவாகும் என்பதைச் சுட்டி, ஆங்கிலத்தையே சிறப்புத்துறையாகக் கொள்ளுமாறு அறிவுரை கூறினார். அவ்வறிவுரை யெஸ்பர்சனின் வாழ்க்கைப் போக்கை வரையறுத்தது. 1891இல் ஆங்கில வேற்றுமைகள் பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்ற அவர், 1893இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியரானார். 1925வரை அப்பதவியில் இருந்தார்.

4. சிதைவா, வளர்ச்சியா?

முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருள் வேற்றுமை உருபுகளாயினும், அதன் முன்பகுதி ஒரு பொதுவான வினாவை எழுப்பியது. உருபுகளையும் விகுதிகளையும் இழந்த மொழி தாழ்ந்துவிட்டதா என்பதே அவ்வினா. அப்பகுதியை விரிவாக்கி 1894இல் மொழியின் முன்னேற்றம் குறித்த ஆங்கில நூலாக வெளியிட்டார்.

அவ்வினாவின் பின்னணியில் செருமானிய ஒப்பிலக்கண அறிஞர் ஆகஸ்ட் ஸ்லைகர் நிற்கிறார். கோதிக்கு மொழியின் 'ஹபைதெதைமா' என்னும் நீண்ட வினைவடிவத்தையும் ஆங்கிலத்தின் 'ஹேட்' என்னும் குறுவடிவத்தையும் அவர் ஒப்பிட்டிருந்தார். ஆற்றுப்படுகையில் உருண்டு கைகால்களை இழந்த சிலையைப் போல் சொல் தேய்ந்துவிட்டது என்பது அவருடைய கருத்தின் சாரம். மொழிகள் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் வளர்ந்து முதிர்ந்தன. வரலாற்றுக் காலத்தில் அவை தேய்ந்தே வருகின்றன என்பது அக்காலத்தில் செல்வாக்குடன் விளங்கிய கொள்கை.

யெஸ்பர்சன் இவ்வொப்பீட்டையே தலைகீழாக நோக்கினார். கோதிக்கில் எண், இடம், நோக்கு ஆகியவற்றுக்கேற்பப் பல வடிவங்கள் செய்த பணியை ஆங்கிலத்தில் 'ஹேட்' என்னும் ஒரே வடிவம் செய்கிறது. நினைவில் கொள்ள வேண்டிய சுமை குறைகிறது; பலுக்கும் முயற்சியும் குறைகிறது; விகுதியில் பிணைந்து கிடந்த பொருட்கூறுகள் தனித்தனிச் சொற்களாகப் பிரிவதால் வேண்டியபோது வேண்டிய கூறை மட்டும் எடுத்துரைக்க இயலுகிறது. குறைந்த முயற்சியால் மிகுந்த பயன் தரும் மொழியமைப்பே மேலானது என்பது அவருடைய அளவுகோல்.

பொருட்கூறுகள் பிரிந்து நிற்பதன் பயனைக் கூர்மையாகக் காட்டுவது வலியுறுத்தத் துணைவினை. 'கேம்' என்னும் ஒரே சொல்லில் வருதல் என்னும் பொருளும் இறந்தகாலமும் உடன்பாடும் கலந்து கிடக்கின்றன. அச்சொல்லை அழுத்திக் கூறினால் எக்கூறு அழுத்தப்படுகிறது என்பது சொல்லளவில் விளங்காது. போகவில்லை, வந்தான் என வினைப்பொருளை அழுத்துவதாகவும் கொள்ளலாம். 'டிட் கம்' எனப் பிரித்தபின் அம்மயக்கம் பெரிதும் நீங்குகிறது. 'கம்' என்பதை அழுத்தினால் வினைப்பொருளும், 'டிட்' என்பதை அழுத்தினால் கூற்றின் மெய்ம்மையோ காலமோ முனைப்புறுகின்றன.

5. முன்னை இலக்கண நூலாரும் 'டூ' துணைவினையும்

யெஸ்பர்சனின் பங்களிப்பை அளவிட அவருக்கு முற்பட்டோர் கருத்துகளை அறிதல் வேண்டும். கணித அறிஞரான ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீன மொழியில் ஆங்கில இலக்கணம் ஒன்றை எழுதினார். 'டூ', 'டிட்' ஆகியவை காலத்தை வலியுறுத்திக் காட்டுவன என அவர் குறித்தார். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் இலக்கணப் பகுதியில், உடன்பாட்டுத் தொடரில் தேவையின்றி 'டூ' சேர்ப்பதைப் பிழைவழக்காகச் சுட்டினார். 1762இல் ராபர்ட் லவுத் எழுதிய இலக்கணம், அத்துணைவினை செயலையோ காலத்தையோ மிகுந்த ஆற்றலுடன் காட்டும் என்றும் வினாவிலும் எதிர்மறையிலும் ஏறத்தாழ இன்றியமையாதது என்றும் கூறியது.

இக்கருத்துகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கு வழக்கு மாறிவந்ததும் ஒரு காரணம். பதினாறாம் நூற்றாண்டில் 'டிட் கம்' என்பது எவ்வகை வலியுறுத்தமும் இன்றி 'கேம்' என்பதற்கு நிகராக வழங்கியது. ஷேக்ஸ்பியர் (1564–1616) காலத்து நூல்களில் இருவகை வழக்கும் அருகருகே காணப்படும். பதினெட்டாம் நூற்றாண்டளவில் அழுத்தமற்ற உடன்பாட்டுத் தொடரிலிருந்து 'டூ' பெரும்பாலும் விலகியது. வினா, எதிர்மறை, வலியுறுத்தம் என்னும் மூன்றிடங்களில் நிலைபெற்றது. ஜான்சன் பிழையெனச் சுட்டியது மறைந்துகொண்டிருந்த வழக்கை; லவுத் விளக்கியது நிலைபெற்றுவந்த வழக்கை.

முன்னையோர் இவ்வழக்கைச் சரி, பிழை என வகுத்தனர். அது எவ்வாறு தோன்றியது, ஏன் சில இடங்களில் மட்டும் நிலைத்தது, மொழியமைப்பில் அதன் பயன் யாது என்னும் வினாக்களை ஒருங்கிணைத்து ஆராயும் வாய்ப்பு வரலாற்று முறை இலக்கணத்தோடு வந்தது.

6. பேரிலக்கணம்

1905இல் வெளியான ஆங்கில மொழியின் வளர்ச்சியும் அமைப்பும் என்னும் நூல் யெஸ்பர்சனைப் பரவலாக அறியச் செய்தது. எனினும் அவருடைய பெரும்பணி, வரலாற்று நெறியில் அமைந்த தற்கால ஆங்கில இலக்கணமே. ஏழு தொகுதிகளாக விரிந்த அந்நூலின் முதல் தொகுதி 1909இலும் இரண்டாம் தொகுதி 1914இலும் வெளிவந்தன. முதல் உலகப்போர்க் காலமும் பிற நூல்முயற்சிகளும் இடையிட, மூன்றாம் தொகுதி 1927இல்தான் வந்தது. நான்காவது 1931இலும் ஐந்தாவது 1940இலும் ஆறாவது 1942இலும் வெளியாயின. ஏழாம் தொகுதி அவர் மறைந்தபின் நீல்ஸ் ஹைஸ்லுண்டால் நிறைவுசெய்யப்பெற்று 1949இல் வெளிவந்தது. முதல் தொகுதிக்கும் இறுதித் தொகுதிக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்.

இவ்விலக்கணத்தின் வலிமை அதன் சான்றுவளம். யெஸ்பர்சன் தாம் படித்த ஆங்கில நூல்களிலிருந்து வாக்கியங்களைத் தாள்துண்டுகளில் குறித்துத் திரட்டி வந்தார். விதியை முன்வைத்து அதற்கேற்ற வாக்கியத்தைப் புனையும் முறையை விடுத்து, வழக்கிலுள்ள வாக்கியங்களைத் தொகுத்து அவற்றிலிருந்து விதியைக் காண்பது அவர் நெறி. நாடகங்களும் புதினங்களும் உரையாடலைக் காட்டுவதால் அவருக்குப் பெரிதும் பயன்பட்டன. வலியுறுத்தம் உரையாடலில் பிறப்பது. மறுப்பும் ஐயமும் இன்றி அதற்கு இடமில்லை. தனி வாக்கியங்களை மட்டும் கொண்டு எழுதும் இலக்கணம் அதனை எளிதில் தவறவிடும்.

நான்காம் தொகுதி காலமும் துணைவினைகளும் பற்றியது. 'ஷேல்', 'வில்' ஆகியவற்றின் வேறுபாடு அதில் விரிவாக ஆராயப்படுகிறது. எதிர்மறையும் வினாவும் ஐந்தாம் தொகுதியில் இடம்பெறுகின்றன. 1933இல் மாணவர்க்கென எழுதிய சுருக்க இலக்கணத்தில் உடன்பாடு, எதிர்மறை, வினா ஆகிய மூன்றையும் ஒரே இயலில் வைத்தார். 'டூ' நிலைபெற்ற இடங்களும் இம்மூன்றனோடு தொடர்புடையவையே ஆதலின், இவ்வியல் அமைப்பு ஒரு கொள்கை விளக்கமாகவும் நிற்கிறது.

7. எதிர்மறையிலிருந்து வலியுறுத்தத்திற்கு

1917இல் எதிர்மறை பற்றி யெஸ்பர்சன் எழுதிய நூல் அளவிற் சிறியது, தாக்கத்திற் பெரியது. எதிர்மறைச் சொல் பேச்சில் அழுத்தம் குறைந்து நலியும். நலிந்தபின் பொருள் தெளிவிற்காக வேறொரு சொல் துணையாக வரும். துணையாக வந்த சொல்லே காலப்போக்கில் எதிர்மறைப் பொருளைத் தாங்கும். அதுவும் பின்னர் நலியும். இச்சுழற்சியைப் பல மொழிகளிலிருந்து சான்று காட்டி அவர் விளக்கினார். 1979இல் சுவீடன் மொழியியலறிஞர் எஸ்தன் தால் இதற்கு யெஸ்பர்சன் சுழற்சி எனப் பெயரிட்டார்.

ஆங்கிலத்தில் இச்சுழற்சியின் படிகள் தெளிவானவை. பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்னும் எதிர்மறைச் சொல் வினைக்கு முன் நின்றது. இடைக்காலத்தில் முன்னே 'நெ', பின்னே 'நாட்' என இரண்டும் வந்தன. அடுத்து 'நெ' மறைய, வினைக்குப் பின் 'நாட்' மட்டும் நின்றது. அதன்பின் 'டூ நாட்' என்னும் அமைப்புத் தோன்றி, பேச்சில் 'டோன்ட்' எனச் சுருங்கியது.

நான்காம் படிக்கு யெஸ்பர்சன் தரும் விளக்கம் நுட்பமானது. எதிர்மறைச் சொல் முக்கியமான வினைக்கு முன் வருதல் கேட்போர்க்கு நலம் பயப்பது. அது பிந்தினால் கூற்று உடன்பாடெனப் பிழைபட உணரப்படலாம். மறுபுறம் 'நாட்' என்பது வினைமுற்றுக்குப் பின் நிற்கும் இயல்பினது. முரணான இவ்விரு போக்குகளையும் 'டூ' இசைவிக்கிறது. வினைமுற்றாகிய 'டூ' என்பதற்குப் பின்னும், பொருள்தரும் வினைக்கு முன்னும் 'நாட்' அமைகிறது. வினாவிலும் இவ்வாறே. வினாவுக்குரிய வகையில் வினைமுற்று எழுவாய்க்கு முன் செல்ல, பொருள்தரும் வினை எழுவாய்க்குப் பின் தன் இயல்பான இடத்திலேயே நிற்கிறது.

வலியுறுத்தத்தை விளங்கிக்கொள்ள யெஸ்பர்சனின் மற்றொரு கருத்தாக்கம் துணைசெய்கிறது. எழுவாயும் பயனிலையும் கூடி ஒரு கூற்றாகும் உறவை அவர் 'நெக்ஸஸ்' என்றார். தமிழில் இதனைக் கூற்றுப்பிணைப்பு எனலாம். எதிர்மறை தனிச்சொல் ஒன்றைச் சாரலாம். கூற்றுப்பிணைப்பு முழுவதையும் சாரலாம் என அவர் பகுத்தார். இப்பகுப்பை வலியுறுத்தத்திற்கு விரித்தால், 'டிட்' பெறும் அழுத்தம் பெரும்பாலும் கூற்றுப்பிணைப்பின் மேல் விழும் அழுத்தம் என்பது புலனாகும். எதிர்மறை அப்பிணைப்பை விலக்குகிறது; வலியுறுத்தம் அதனை உறுதிப்படுத்துகிறது; வினா அதனை உறுதியின்றி விடுகிறது. மூன்றும் ஒரே இடத்தில் நிகழும் செயல்களாதலால் மூன்றுக்கும் ஒரே துணைவினை பயன்படுவது இயல்பாகிறது.

'கேன்', 'வில்', 'ஹேவ்', 'ஈஸ்' முதலியவை முன்னரே இருக்கும் தொடரில் 'டூ' வேண்டப்படுவதில்லை. அச்சொற்களை அழுத்திக் கூறினாலே போதும். துணைவினை இல்லாத தொடரில்தான் அழுத்தம் தங்க இடமில்லை. அவ்வெற்றிடத்தை 'டூ' நிரப்புகிறது. பொருளற்றிருத்தலே அதற்குத் தகுதியாகிறது. தனக்கெனப் பொருள் இருந்தால் அது கூற்றின் பொருளை மாற்றிவிடும்.

8. செயற்கை மொழியும் இறுதிக்காலமும்

யெஸ்பர்சனின் ஈடுபாடு ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. 1922இல் மொழியின் இயல்பும் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய நூலையும் 1924இல் இலக்கணத்தின் தத்துவம் என்னும் நூலையும் வெளியிட்டார். 1920–21ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1936இல் கோப்பன்ஹேகனில் நடைபெற்ற நான்காம் அனைத்துலக மொழியியலாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

நாடுகளிடையே பொதுவாக வழங்கத்தக்க துணைமொழி ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். 1907இல் 'இதோ' மொழி உருவாகக் காரணமான குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். பின்னர் அம்மொழியில் நிறைவுறாது 1928இல் 'நோவியல்' என்னும் மொழியைத் தாமே உருவாக்கினார். அதன் வினையமைப்பு அவருடைய கொள்கையின் செயல்வடிவம். வினை இடத்திற்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதில்லை. எதிர்காலத்திற்குச் 'சல்', முற்றுநிலைக்கு 'ஹ' என முன்னே தனிச்சொல் வரும். இறந்தகாலத்திற்கு விகுதியும் உண்டு. மாற்றாக 'டிட்' என்னும் துணைச்சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் வரலாறு உருவாக்கிய அமைப்பை அவர் தம் திட்டத்தில் அறிந்தே அமைத்துக்கொண்டார். நோவியல் பரவலான வழக்கைப் பெறவில்லை.

வாழ்வின் பிற்பகுதியை ஹெல்சிங்கோர் நகரில் கழித்தார். 1938இல் டேனிய மொழியில் தன்வரலாற்றை வெளியிட்டார். 1940 ஏப்ரல் 9ஆம் நாள் செருமானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. பேரிலக்கணத்தின் ஐந்தாம் தொகுதி அவ்வாண்டிலும், ஆறாம் தொகுதி ஆக்கிரமிப்புத் தொடர்ந்த 1942இலும் வெளிவந்தன. எண்பது வயதைக் கடந்த நிலையில் உதவியாளர் துணையுடன் பணியைத் தொடர்ந்தார். இடையில் 1941இல் மொழி மாற்றத்தின் செயல்திறன் பற்றிய நூலையும் வெளியிட்டு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய வினாவுக்கே திரும்பினார். முன்னேற்றம் என்னும் பழைய தலைப்பின் இடத்தில் செயல்திறன் என்னும் சொல் அமர்ந்தமை குறிப்பிடத்தக்கது. 1943 ஏப்ரல் 30ஆம் நாள் ரோஸ்கில்ட நகரில் அவர் காலமானார்.

9. பின்னைய ஆய்வுகள்

யெஸ்பர்சனுக்குப் பின் இத்துறை இரு திசைகளில் வளர்ந்தது. சுவீடன் அறிஞர் ஆல்வர் எல்லெகோர்டு 1953இல் 'டூ' துணைவினை நிலைபெற்ற வரலாற்றைப் பெருந்தொகையான சான்றுகளை எண்ணி ஆராய்ந்தார். வினா, எதிர்மறை, உடன்பாடு ஆகியவற்றில் அது வெவ்வேறு வேகத்தில் பரவியதை அவ்வாய்வு காட்டியது. நோம் சாம்ஸ்கி 1957இல் வெளியிட்ட தொடரமைப்பு நூலில் எதிர்மறைக்கும் வலியுறுத்தத்திற்கும் இணையான மாற்றுவிதிகளை அமைத்தார். 'நாட்' அமரும் இடத்திலேயே வலியுறுத்தக் கூறும் அமர்கிறது. தனித்துவிடப்பட்ட காலக் கூறைத் தாங்க 'டூ' வருகிறது. எதிர்மறை, உடன்பாடு, வினா ஆகியவற்றை ஓரியலில் வைத்த யெஸ்பர்சனின் அமைப்போடு இது ஒத்துச்செல்கிறது.

அவருடைய மதிப்பீட்டுப் பகுதி இவ்வாறு நிலைக்கவில்லை. மொழிகளை ஒரே அளவுகோலால் உயர்ந்தவை, தாழ்ந்தவை என வரிசைப்படுத்தும் முறையை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. 1905ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில் ஆங்கிலத்தை ஆண்மைத்தன்மை உடையதாக வருணித்ததும் இத்தகைய சார்பின் விளைவே. சிதைவுக் கொள்கையை மறுக்க முற்பட்டவர், அக்கொள்கையின் அளவுகோலைத் திருப்பிப் பிடித்தாரேயன்றி அதனைக் கைவிடவில்லை.

10. தமிழ் தரும் சான்று

இம்மதிப்பீட்டைச் சோதிக்கத் தமிழ் தக்க களமாகிறது. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடங்காட்டும் விகுதிகளை இழக்காதது. எனினும் கூற்றின் மெய்ம்மையை வலியுறுத்த வேண்டிய இடத்தில் அது வினையை இரண்டாகப் பிரிக்கிறது. 'மழைதான் பெய்தது' என்பதில் எழுவாயும், 'நேற்றுத்தான் பெய்தது' என்பதில் காலப்பெயரும் வலியுறுத்தம் பெறுகின்றன. பெய்யவில்லை என்பார்க்கு மறுமொழியாக 'மழை பெய்யத்தான் செய்தது' என்பர். இங்குப் பொருள்தரும் வினை செயவென் எச்சமாகி இடைச்சொல்லை ஏற்க, 'செய்' என்னும் வினை காலத்தையும் விகுதியையும் தாங்குகிறது. மழை எதையும் செய்வதில்லை; 'செய்' என்பதன் சொற்பொருள் அங்கு மறைந்துவிடுகிறது.

ஒப்புமையோடு வேறுபாடும் உண்டு. ஆங்கிலத்தில் வலியுறுத்தம் ஒலியழுத்தமாகத் துணைவினையின் மேல் விழுகிறது. தமிழில் இடைச்சொல்லாக எச்சத்தைச் சார்கிறது. தேற்றப் பொருளை ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் வகுத்திருப்பது, வலியுறுத்தத்தை இடைச்சொல்லால் உணர்த்தும் நெறி தமிழில் தொன்மையானது என்பதைக் காட்டும். மேலும், ஆங்கிலத்தில் எதிர்மறைக்கும் வினாவுக்கும் வேண்டப்படும் துணைவினை தமிழில் அவ்விடங்களில் வேண்டப்படுவதில்லை. 'பெய்யவில்லை', 'பெய்ததா' எனச் 'செய்' இன்றியே அவை அமைகின்றன.

இதனால் இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. விகுதியிழப்பினால்தான் இத்தகைய துணைவினை தோன்றும் எனக் கொள்ள இயலாது. விகுதி நிறைந்த தமிழிலும் அது உண்டு. ஆகவே துணைவினையின் பயனைக் கொண்டு விகுதியற்ற மொழியை மேலானதாகக் கருதுவதற்கு அடிப்படையில்லை. அதே வேளையில், வினைப்பொருளிலிருந்து கூற்றின் மெய்ம்மையைப் பிரித்துக் காட்டத் தனியிடம் வேண்டும் என்னும் நுண்ணுணர்வு வலுப்பெறுகிறது. உறவற்ற இரு மொழிகள் அவ்விடத்தை அமைக்கச் செய்தற்பொருளுடைய வினையையே தேர்ந்திருக்கின்றன. எந்த வினைக்கும் பதிலியாக நிற்கத்தக்க பொதுமை அவ்வினைக்கு இருப்பது இதற்குக் காரணமாகலாம்.

11. முடிவுரை

சட்ட மாணவராகத் தொடங்கி, சுருக்கெழுத்தராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றி, அயல்மொழியொன்றின் பேரிலக்கண ஆசிரியராக உயர்ந்த யெஸ்பர்சனின் வாழ்வில் ஒரே வினா தொடர்ந்து ஒலிக்கிறது. மொழி மாறும்போது இழப்பது மட்டும்தானா என்பதே அவ்வினா. வீண்சொல் எனப்பட்ட 'டூ' மொழியமைப்பில் இன்றியமையாத பணி செய்வதை விளக்க அவருடைய ஆய்வு வழிவகுத்தது. ஒரு வழக்கைப் பிழையென ஒதுக்குமுன் அதன் பயனை ஆராய வேண்டும் என்னும் நெறி அதனால் உறுதிப்பட்டது.

எம்மொழி உயர்ந்தது என்னும் வழக்கில் அவர் தந்த தீர்ப்பு இன்று ஏற்கத்தக்கதன்று. அத்தீர்ப்புக்காக அவர் திரட்டிய சான்றுகளும் செய்த பகுப்புகளும் இன்றும் பயன்படுகின்றன. தமிழ்த் துணைவினைகளை ஆராய்வோர் 'செய்' என்னும் வினையின் வலியுறுத்த வழக்கு எக்காலத்தில் தோன்றியது, எவ்வகை உரையாடற் சூழலில் நிலைபெற்றது என்பவற்றை இலக்கியச் சான்றுகளோடும் பேச்சு வழக்கோடும் ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். தாள்துண்டுகளில் வாக்கியங்களைத் திரட்டிய யெஸ்பர்சனின் முறை அப்பணிக்கு ஏற்ற தொடக்கமாக அமையும்.